நிதானமாய் ஓர் அதிகாரம்

மாலையில் விளக்கேற்றியதும் வீட்டார் யாவரும் கூடி அமர்ந்து, ஒருவர் வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தை உரக்க வாசிக்க, மற்றவர் கேட்டு, பின் முழங்காலிட்டு ஜெபம் செய்து எழும் வழக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. தனித்து வாசிப்போரிலும் சிலர், ஆண்டின் முதல் நாளில் ஆதியாகமத்தைத் தொடங்கி, நாளொன்றுக்கு மூன்று நான்கு அதிகாரங்களாக, புரோட்டஸ்டண்டு வழக்கிலுள்ள 66 புத்தகங்களின் 1,189 அதிகாரங்களையும் டிசம்பர் மாதம் கழிவதற்குள் வாசித்து முடிப்பதை ஒரு விரதமாகவே கொண்டிருக்கிறார்கள். அந்தச் சிரத்தை போற்றத்தக்கதே; ஆயினும் வாசித்து முடித்தோம் என்னும் திருப்தி ஒன்று, வாசித்தது நம் அந்தரங்கத்தில் என்ன செய்தது என்னும் விசாரணை வேறொன்று. விசுவாசத்தை வளர்ப்பது இந்த விசாரணையே.

இதைப் பண்டைத் துறவியர் நன்கு அறிந்திருந்தனர். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் முனிவர் தம் மடத்தாருக்கு எழுதிவைத்த ஒழுங்குநூல், உடலுழைப்புக்கு நேரம் வகுத்ததுபோலவே தெய்விக வாசிப்புக்கும் தினந்தோறும் நேரம் வகுத்திருக்கிறது. தபசு காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் கொடுக்கப்பட, அதை அவர் முதலிலிருந்து முறையாக முழுதும் வாசிக்கவேண்டும் என்றும், வாசிக்கும் வேளையில் எவரேனும் சோம்பியிருக்கிறாரா என்று மூத்தவர் ஓரிருவர் சுற்றிவந்து பார்க்கவேண்டும் என்றும் அது விதிக்கிறது. 12ஆம் நூற்றாண்டில், பிரான்சு தேசத்து மலைகளிடையே உள்ள கிராண்ட் ஷார்த்ரூஸ் மடத்தின் தலைவராயிருந்த இரண்டாம் குய்கோ, இவ்வாசிப்பை நான்கு படிகளுள்ள ஓர் ஏணியாக விளக்கினார். சொற்களைக் கவனமாய் வாசித்தல் முதற்படி. வாசித்ததை மனத்தில் மீண்டும் மீண்டும் புரட்டித் தியானித்தல் இரண்டாவது. தியானத்தில் எழுந்த ஏக்கத்தை ஜெபமாக்குதல் மூன்றாவது. பேச்சும் யோசனையும் ஓய, இறைவன் சந்நிதியில் லயித்திருத்தல் நான்காவது.

முதற்படியில் நின்று நிதானித்தால் என்ன புலப்படும் என்பதற்கு, மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இறுதியில், எரிகோ நகரின் வழியோரத்தில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த பர்திமேயு என்னும் குருடனை இயேசு அழைத்து, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். விரைந்து செல்பவருக்கு அது குருடனிடம் கேட்கத் தேவையற்ற கேள்வியாகத் தோன்றிவிடும். ஆனால் சில வசனங்கள் பின்னோக்கிச் சென்று பார்த்தால், ஏறக்குறைய இதே கேள்வியை இயேசு தம் சீஷர்களான யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டிருப்பதைக் காணலாம். உடனிருந்து உபதேசம் கேட்டுவந்த அவ்விருவரும் அவருடைய மகிமையில் வலப்புறத்தும் இடப்புறத்தும் ஆசனம் வேண்டினார்கள். வழியோரத்துப் பிச்சைக்காரனோ பார்வை வேண்டினான். இன்னும் பின்னோக்கிச் சென்றால், மிகுந்த ஆஸ்தியுள்ள ஒருவன் அதை விட மனமின்றித் துக்கத்தோடு திரும்பிப் போகிறான்; பர்திமேயுவோ, அழைப்பைக் கேட்டவுடன் தன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டியதும், கூவியழைத்த குருடனைக் கூட்டத்தார் அதட்டியதும் இதே அதிகாரத்தில்தான். இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் வாசகன், எவன் உண்மையில் குருடன் என்ற கேள்வியோடு நிற்கமாட்டான். அதே கேள்வி தன்னிடம் கேட்கப்பட்டால் தான் ஆசனத்தை வேண்டுவானா, பார்வையை வேண்டுவானா என்று தன்னையே சோதிப்பான். வாசிப்பு தியானமாவதும், தியானம் ஜெபமாவதும் அவ்விடத்தில்தான்.

மேலும், பார்வை பெற்றவன் வழியிலே அவருக்குப் பின்சென்றான் என்பதோடு அந்த அதிகாரம் முடிகிறது. அங்கே நூலை மூடிவிடுபவர், அந்த வழி எங்கே செல்கிறது என்பதை அறியார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கமோ எருசலேமை நெருங்குகிறது, எருசலேமில் சிலுவை இருக்கிறது. அதிகாரப் பிரிவுகள் மூல ஆசிரியர்கள் செய்தவை அல்ல. இன்று வழங்கும் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்னும் ஆங்கிலேயப் பேராயர் வகுத்ததாகச் சொல்லப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் ராபர்ட் எஸ்தியென் என்னும் அச்சகத்தார் 1551இல் இட்டவை. தேடி எடுக்க உதவும் இவ்வெல்லைகளைப் பொருளின் எல்லைகளாகக் கொள்ளலாகாது. ஒரு வசனத்தைத் தனியே பிய்த்தெடுத்து, தன் விருப்பத்துக்கு அதைச் சாட்சியாக்கும் பிழை பெரும்பாலும் இதனால்தான் நேர்கிறது.

அத்தகைய பிழைக்கு மற்றொரு காப்பு, உடன் வாசிப்போர். அப்போஸ்தலர் நடபடிகளில், இரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் ஆகமத்தை வாசித்துச் சென்ற எத்தியோப்பிய மந்திரி, வாசிப்பது விளங்குகிறதா என்று பிலிப்பு வினவியபோது, வழிகாட்டுவாரில்லாமல் எப்படி விளங்கும் என்று கூச்சமின்றி ஒப்புக்கொண்டு அவரைத் தம் பக்கத்தில் ஏற்றிக்கொள்கிறார். தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் அந்த விநயம் கற்றவருக்கும் வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல், குருமார் மட்டுமன்றி விசுவாசிகள் அனைவரும் வேதநூலை அடிக்கடி வாசிக்கவேண்டும் என்றும், வாசிப்போடு ஜெபமும் சேரவேண்டும் என்றும் வற்புறுத்தியது.

இந்திய மொழிகளுள் புதிய ஏற்பாடு முதன்முதலில் அச்சேறியது தமிழிலேயாகும். மிஷனரி சீகன்பால்கு மொழிபெயர்த்த அந்நூல் 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அன்று பெருமுயற்சியால் கைக்கு எட்டிய நூல் இன்று வீட்டு அலமாரியில் எளிதாய்க் கிடக்கிறது. ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நாளொன்றுக்கு நான்கு அதிகாரம் என்னும் கணக்கை ஒரு வாரம் ஒதுக்கிவைத்து, ஒரே பகுதியைத் தினமும் உரக்க வாசியுங்கள், நேற்றுக் காணாதது எது என்று கேளுங்கள், கண்டதில் உங்களைக் குத்தும் சொல் எதுவோ அதைக்கொண்டே ஜெபியுங்கள். எத்தனை பக்கம் வாசித்தோம் என்பதைவிட, வாசித்த பிறகு வீட்டாரிடமும் அயலாரிடமும் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே வேத வாசிப்பின் உரைகல்.