நான்காம் மனிதன் யார்?

2021-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, பிரிட்டனில் சுமார் 1 கோடியே 28 லட்சம் மக்கள் தத்தம் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து ஒரு நாடகத் தொடர் எழுப்பிய ஒரே ஒரு கேள்விக்கான விடையை எதிர்பார்த்துக் கொண்டிருந்தார்கள். போலீஸ் இலாகாவின் நிழலிலேயே இருந்துகொண்டு கொள்ளைக் கூட்டத்துக்கு உளவு சொல்லியும் உடந்தையாக இருந்தும் வந்த நால்வரில், மூவருடைய முகம் தெரிந்துவிட்ட பிறகும் மறைந்தே நின்ற அந்த நான்காம் மனிதன் யார் என்பதே அந்தக் கேள்வி. விடை அன்றிரவே கிடைத்தது. கிடைத்த மாத்திரத்தில், இதற்காகவா இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று ரசிகர்களில் பெரும் பகுதியினர் மனம் கசந்தார்கள். அந்தக் கசப்பையும் அதற்கு முந்திய பல வருஷ காலத்து ஊகங்களையும் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்த்தால், கதையை ரசிப்பது எப்படி என்பது மட்டுமல்லாமல், அநியாயம் உலகத்தில் எவ்வாறு நிலைபெறுகிறது என்பதும் நமக்குப் புலனாகும்.

அந்தத் தொடரின் பெயர் 'லைன் ஆஃப் டியூட்டி'. மருத்துவராகப் பணியாற்றிய பின் எழுத்துத் துறைக்கு வந்த ஜெட் மெர்க்யூரியோ படைத்த இந்த நாடகம், 2012-இல் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையில் ஆரம்பமாகி, 2017-இல் முதலாம் அலைவரிசைக்கு உயர்ந்து, 2021 வரை ஆறு பாகங்களாக ஒளிபரப்பாயிற்று. சாதாரணத் துப்பறியும் கதைகளில் போலீஸார் திருடனைத் தேடுவார்கள். இதிலோ போலீஸாரே போலீஸாரைத் தேடுகிறார்கள். ஏ.சி.-12 என்னும் ஊழல் தடுப்புப் பிரிவின் தலைவரான டெட் ஹேஸ்டிங்ஸும், அவருக்குக் கீழே பணிபுரியும் ஸ்டீவ் ஆர்னட், கேட் ஃப்ளெமிங் ஆகிய இருவரும் தங்கள் சகாக்களையே சந்தேகிக்க வேண்டிய தர்மசங்கடத்தில் இருப்பவர்கள். துப்பாக்கிச் சண்டைகளைக் காட்டிலும், ஒலிப்பதிவுக் கருவியின் நீண்ட ஓசை அடங்கியதும் மேஜையின் இரு புறமும் அமர்ந்து தொடங்கும் விசாரணைக் காட்சிகளே இந்நாடகத்தின் ஜீவன். குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியைவிட ஒரு படியேனும் உயர்ந்த பதவியில் இருப்பவரே அவரை விசாரிக்க வேண்டும் என்ற வறண்ட விதிகூட இங்கே பரபரப்பான ஆயுதமாகிறது. புகைப்படங்களும் தஸ்தாவேஜுகளும் ஒவ்வொன்றாக மேஜைமீது வைக்கப்படும்போது, அவை பார்வையாளர் முன்னாலும் வைக்கப்படுகின்றன. ஆகவே அவரும் விசாரணை அதிகாரிகளில் ஒருவராகிவிடுகிறார்.

இவ்வாறு கதைக்குள் புகுந்து துப்புத் துலக்கும் ஆசை தொலைக்காட்சி பெற்றெடுத்த குழந்தை அல்ல. 1870-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி சார்ல்ஸ் டிக்கன்ஸ் காலமானபோது, பன்னிரண்டு மாதப் பகுதிகளாக வெளியிடத் திட்டமிட்டிருந்த எட்வின் ட்ரூட் பற்றிய நாவலில் ஆறு பகுதிகளே எழுதப்பட்டிருந்தன. காணாமற்போன எட்வின் கொலையுண்டானா, உயிரோடிருக்கிறானா, கதை நடுவே வரும் டாட்செரி என்னும் மாறுவேஷக்காரர் யார் என்ற கேள்விகளுக்கு ஆசிரியரின் விடை கிடைக்காமற்போகவே, வாசகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் விடைகளை எழுதிக் குவித்தார்கள். 1914 ஜனவரியில் லண்டனில், நாவலில் சந்தேகத்துக்குரிய பாத்திரமான ஜான் ஜாஸ்பர்மீது வழக்கே நடத்தினார்கள். ஜி. கே. செஸ்டர்டன் நீதிபதியாகவும், பெர்னார்ட் ஷா ஜூரர்களின் தலைவராகவும் அமர்ந்த அந்தப் பாவனை நீதிமன்றத்தில், இல்லாத ஒரு மனிதனுக்காக இலக்கிய உலகத்தின் பெரியவர்கள் வாதப் பிரதிவாதம் செய்தார்கள். முற்றுப்பெறாத கதை படிப்பவன் உள்ளத்தில் தானாகவே வளரத் தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

தொலைக்காட்சி செய்ததெல்லாம், இந்த இடைவெளியை வாரந்தோறும் திட்டமிட்டு உண்டாக்கியதுதான். 1990-இல் அமெரிக்காவில் டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் படைத்த 'ட்வின் பீக்ஸ்', லாரா பாமரைக் கொன்றவர் யார் என்ற கேள்வியால் ஒரு தேசத்தையே ஆட்கொண்டது. அந்த ரகசியத்தை விடுவிக்க விருப்பமில்லாத லிஞ்சை ஒளிபரப்பு நிறுவனம் வற்புறுத்த, அதே வருஷம் நவம்பரில் கொலையாளி யாரென்று வெளிப்பட்டது. அதன்பின் பார்ப்பவர் தொகை சரிந்து, மறு வருஷமே தொடர் நின்றுபோயிற்று. விடையைச் சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து என்ற இக்கட்டு, நீண்ட மர்மக் கதை எழுதுகிற ஒவ்வோர் ஆசிரியருக்கும் உண்டு.

மெர்க்யூரியோ இந்த இக்கட்டுக்குக் கண்ட யுக்தி, விடை கிடைத்துவிட்டதாக நம்பவைத்து, அந்த விடைக்குள்ளிருந்தே அடுத்த கேள்வியை எழுப்புவது. மூன்றாம் பாகத்தின் முடிவில், ஏ.சி.-12 பிரிவுக்குள்ளேயே இருந்த துரோகியான மாத்யூ காட்டன் குண்டடிபட்டு விழுகிறான். அவனுடைய மரண வாக்குமூலம் காமிராவில் பதிவாகிறது. ஊழலின் உச்சியில் இருப்பவரை அது 'எச்' என்னும் ஆங்கில எழுத்தால் சுட்டுவதாக அதிகாரிகள் பொருள் கொள்கிறார்கள். நான்காம் பாகத்தில் அது உதவிக் கமிஷனர் அந்தஸ்தில் இருந்த டெரெக் ஹில்டன் என்று தோன்றுகிறது. ஆனால் ஐயம் தீரவில்லை. ஐந்தாம் பாகத்தில் அதே பதிவை மறுபடியும் போட்டுப் பார்க்கும்போது, இறக்கும் தறுவாயில் காட்டனின் கைவிரல் நான்கு முறை தட்டியது கவனத்துக்கு வருகிறது. மோர்ஸ் தந்தி முறையில் நான்கு புள்ளிகள் சேர்ந்தால் 'எச்'. அப்படியானால் அவன் சொன்னது ஒருவரின் பெயரை அல்ல, நான்கு பேர் இருக்கிறார்கள் என்பதையே. காட்டன், ஹில்டன், சட்ட ஆலோசகராக இருந்த ஜில் பிகலோ என்னும் மாது, இம்மூவர் போக மீதி ஒருவர். மூன்று வருஷங்களாக ரசிகர்கள் கண்முன்னேயே இருந்த ஒரு காட்சி, ஒரே நிமிஷத்தில் வேறு அர்த்தம் கொண்டது.

இத்தகைய கதையை ரசித்தவர்கள் செய்த வேலை சாமானியமானதல்ல. பெரும்பாலோருடைய சந்தேகம் தலைவர் ஹேஸ்டிங்ஸ்மீதே விழுந்தது. அவர் பெயரின் முதலெழுத்தும் 'எச்'. வட அயர்லாந்தில் கலகக் காலத்தில் போலீஸாக இருந்தவர். நில முதலீட்டில் சேமிப்பை இழந்தவர். குடும்பம் பிரிந்து ஹோட்டல் அறையில் வசித்தவர். பணமுடை உள்ள நேர்மையாளன் எந்தக் கணத்தில் வழுவுவான் என்று யாரால் சொல்ல முடியும்? ஐந்தாம் பாகத்தில் அவரே 'எச்' ஆக நடித்துக் கொள்ளைக் கூட்டத்துக்குக் கணினி வழியே செய்தி அனுப்பினார். 'நிச்சயமாக' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதினார். மறைந்திருந்த மனிதனும் அதே பிழையைச் செய்வதுண்டு என்பதைக் கண்டபோது ரசிகர்கள் துள்ளி எழுந்தார்கள். அந்தப் பிழையை வேண்டுமென்றே பின்பற்றியதாக அவர் கூறிய சமாதானத்தை ஏற்பதா மறுப்பதா என்று அலுவலகங்களிலும் உணவு மேஜைகளிலும் விவாதம் நடந்தது. ஒருவருடைய குணத்தை எடைபோட்டு, அவருக்கு எதிரான சான்றையும் சாதகமான சான்றையும் நிறுத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஜூரராக அமரப்போகும் ஒரு பிரஜைக்கு வேண்டிய பழக்கமே அல்லவா?

ஞாபக சக்திக்கும் இத்தொடர் வைத்த பரீட்சை கடினமானது. 2012-இல் முதல் பாகத்தில் சைக்கிளில் வந்து கொள்ளையருக்கு ஏவல் செய்த ரயன் பில்கிங்டன் என்னும் சிறுவன், 2019-இல் வாலிபனாகத் திரும்பி வந்து, போலீஸ் பயிற்சியில் சேர்கிறான். 2021-இல் சீருடை அணிந்த காவலனாகவே நிற்கிறான். அதே நடிகர் வளர்ந்து வந்து நடித்ததால், பழைய முகத்தை மறவாதவர்களுக்கு அவனைக் கண்ட கணமே நெஞ்சு திடுக்கிட்டது. முதல் பாகத்தில் கொலையுண்டு குளிர்பெட்டியில் மறைக்கப்பட்ட ஜாக்கி லேவர்ட்டியின் சடலம் ஐந்தாம் பாகத்தில்தான் கண்டெடுக்கப்படுகிறது. பழைய பாகங்களை மறுபடி பார்த்துக் குறிப்பெடுத்தவனுக்குப் பலன் உண்டு என்ற நம்பிக்கையை ஆசிரியர் காப்பாற்றினார். துப்பறியும் கதையின் நேர்மை என்பது இதுதான்: விடையை மறைக்கலாம், ஆனால் விடைக்கான தடயத்தை மறைக்கக் கூடாது.

சிலர் கதைக்கு வெளியேயும் தடயம் தேடினார்கள். ஆறாம் பாகத்தில் மார்கஸ் தர்வெல் என்னும் ஓய்வுபெற்ற அதிகாரியின் புகைப்படம் காட்டப்பட்டபோது, அது பிரசித்தி பெற்ற நடிகர் ஜேம்ஸ் நெஸ்பிட்டின் முகமாக இருந்தது. இவ்வளவு பெரிய நடிகரை ஒரு புகைப்படத்துக்காகவா அழைத்து வருவார்கள், இவரே அந்த நான்காம் மனிதர் என்று பலர் முடிவு கட்டினார்கள். ஆனால் அவர் கடைசிவரை புகைப்படமாகவே இருந்தார். தர்வெல் ஸ்பெயினில் பிணமாகக் கிடந்தார். இந்த ஏமாற்றம் புதியதுமல்ல. இரண்டாம் பாகத்தில் ஜெஸிகா ரெய்னும் மூன்றாம் பாகத்தில் டேனியல் மேஸும் முதல் அத்தியாயத்திலேயே கொலையுண்டு மறைந்தார்கள். நடிகரின் புகழைக் கொண்டு பாத்திரத்தின் விதியைக் கணிக்கலாம் என்ற குறுக்கு வழியை இத்தொடர் ஒவ்வொரு முறையும் அடைத்தே வந்தது.

கடைசி விடைக்கு வருவோம். நான்காம் மனிதர் இயன் பக்கெல்ஸ். முதல் பாகத்திலிருந்தே அவ்வப்போது தலைகாட்டி வந்த, சோம்பேறி என்றும் திறமையற்றவர் என்றும் யாவராலும் இகழப்பட்ட, எப்படியோ பதவி மட்டும் உயர்ந்துகொண்டே போன சாதாரண அதிகாரி. ஆறாம் பாகத்தின் நடுவிலேயே அவர் கைது செய்யப்பட்டிருந்தும், இவன் யாருக்கோ பலிகடா என்று பெரும்பாலோர் அவரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டிருந்தார்கள். பழைய எழுத்துப் பிழையே அவரைக் காட்டிக்கொடுத்தது. அவர் சதிகளை வகுத்த மகா மேதாவி அல்லர். கூட்டத்தின் கட்டளைகளை வாங்கி மற்றவர்களுக்குக் கடத்திய, காசுக்கு ஆசைப்பட்ட தூதர். முதல் பாகத்தில் நிரபராதி ஒருவன் சுடப்பட்டதை மூடி மறைக்கத் தம் கீழ் உள்ளவர்களைப் பொய் சொல்லச் சொன்ன பிலிப் ஆஸ்பர்ன், இறுதியில் தலைமைக் கமிஷனராகவே நீடிக்கிறார்.

ரசிகர்கள் கசந்ததற்குக் காரணம் விளங்குகிறது. அவர்கள் இவ்வளவு சிரமப்பட்டுத் தேடியது, தங்கள் சிரமத்துக்கு ஈடான ஓர் அசுரனை. கொடுமை பெரிதாக இருந்தால் கொடியவனும் பெரியவனாக இருக்க வேண்டும் என்று மனித மனம் விரும்புகிறது. ஏனெனில் அசுரன் ஒருவனே என்றால், அவனை வதம் செய்தவுடன் உலகம் சுத்தமாகிவிடும். ஊகத்தின் ஒரே பெரும் குறை இதுதான்: அது ஆளைத் தேடுவதில் எவ்வளவு கூர்மையோ, ஏற்பாட்டைக் காண்பதில் அவ்வளவு மந்தம்.

மெர்க்யூரியோவின் விடைக்கு ஆதாரம் அவருடைய நாட்டின் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1993 ஏப்ரலில் தென்கிழக்கு லண்டனில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த 18 வயதுக் கறுப்பின வாலிபன் ஸ்டீஃபன் லாரன்ஸ் நிறவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டான். இருவர் தண்டிக்கப்படுவதற்கு 2012 ஆயிற்று. 1999-இல் வெளியான மெக்ஃபர்சன் அறிக்கை, புலனாய்வு குலைந்ததற்கு லண்டன் போலீஸ் என்னும் ஸ்தாபனத்திலேயே ஊறியிருந்த நிறபேதமும் காரணம் என்று கண்டது. ஆறாம் பாகத்தில் லாரன்ஸ் கிறிஸ்டஃபர் என்னும் கறுப்பினக் கட்டடக் கலைஞரின் கொலை வழக்கு வேண்டுமென்றே கெடுக்கப்பட்டதாக வரும் கிளைக் கதை இந்தத் துயரத்தையே நினைவூட்டுகிறது. ஆறாம் பாகம் முடிந்து ஆறு வாரம் நிறைந்ததற்குச் சற்றே பின், 2021 ஜூன் 15-ஆம் தேதி, 1987-இல் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்ட தனியார் துப்பறிவாளர் டேனியல் மார்கனின் வழக்கைப் பரிசீலித்த சுயேச்சைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. அக்குழு எந்த மகா சதிகாரனையும் கண்டுபிடிக்கவில்லை. தன் பெயரைக் காப்பதற்காகத் தவறுகளை மறைத்தும் மறுத்தும் வந்த இலாகாவின் போக்கையே ஸ்தாபன ரீதியான ஊழல் என்று தீர்ப்புக் கூறியது. நாடகம் சொன்னதும் அதுவே: பக்கெல்ஸைப் போன்ற ஒருவர் இத்தனை காலம் பிழைத்திருந்தது அவருடைய சாமர்த்தியத்தால் அல்ல, அவரை விசாரிக்க வேண்டியவர்களின் சௌகரியத்தால்.

ஆகையால் இத்தொடரின் முடிவைச் சிறந்த முடிவு என்றே நான் மதிக்கிறேன். கசந்து எழுந்தவர்களின் ஊகங்களையும் வீண் என்று தள்ளேன். அவர்கள் பல வருஷம் தேதிகளையும் முகங்களையும் நினைவில் வைத்து, அதிகாரத்தில் இருப்பவரை அவர் பதவிக்காக நம்பிவிடாமல் ஆதாரம் கேட்கப் பழகினார்கள். அது எந்த ஜனநாயகத்துக்கும் பெரும் செல்வம். ஆனால் அந்தப் பழக்கம் முழுமை பெற ஒரு படி மேலே ஏற வேண்டும். குற்றக் கதையைப் பார்க்கும் ரசிகர்கள் 'செய்தவன் யார்?' என்று தாராளமாக ஊகிக்கட்டும். அதோடு நிறுத்திவிடாமல், 'செய்ய விட்டவர்கள் யார்?' என்ற கேள்வியையும் கூடவே கேட்கட்டும். கதையில் அதைக் கேட்கக் கற்றவர்கள், ஊரிலும் நாட்டிலும் அதைக் கேட்கத் தயங்கக் கூடாது.