ஜான் வெய்னின் சொகுசுப் படகும் கூஸ்தோவின் ‘கலிப்சோ’வும்: ஒரே தளத்தில் பிறந்த 2 மரக்கப்பல்கள்... ஒன்று மட்டும் பிழைத்தது எப்படி?

கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் விருந்து, விழாக்களுக்கு வாடகைக்கு ஓடிவரும் ‘வைல்ட் கூஸ்’ என்ற மோட்டார் படகுக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. ஹாலிவுட் நடிகர் ஜான் வெய்ன் 1962-ல் வாங்கிய படகு இது. கடல் ஆய்வாளர் ஜாக் கூஸ்தோவின் புகழ்பெற்ற ‘கலிப்சோ’வும் இதன் உடன்பிறப்புதான். இரண்டாம் உலகப்போர் சமயத்தில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள பல்லார்ட் மரைன் ரயில்வே தளத்தில் கட்டப்பட்டவை இவை. பெயரில்தான் ரயில்வே, வேலை கப்பல் கட்டுவது!

ஏன் மரத்தில் கட்டினார்கள்?

இரண்டுமே கடலில் உள்ள கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல்கள். இரும்புக் கப்பல் நெருங்கினால் அதன் காந்தப் புலத்தை உணர்ந்தே வெடிக்கும் கண்ணிகள் அப்போது வந்துவிட்டன. மரத்துக்கு அந்தச் சிக்கல் குறைவு. துறைமுக வாசல்களிலும் கரையோரங்களிலும் வேலை என்பதால் நீளமும் சுமார் 136 அடிதான்.

போர் முடிந்ததும் இவை மலிவாக விற்பனைக்கு வந்தன. கரையோரமாகப் பல நாள் பயணம் போக நினைத்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா வரை வெய்ன் இதில் சுற்றியிருக்கிறார்.

நீண்ட தூரத்துக்கு டீசல் கட்டுப்படியாகுமா?

இங்கேதான் வேகத்தின் கணக்கு வருகிறது. தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் இந்த வகைக் கப்பலில் வேகம் கூடக்கூட டீசல் செலவு எகிறும். 10 நாட் வேகத்தை 8 ஆகக் குறைத்தால், அதே தூரத்துக்கு ஆகும் டீசலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு மிச்சம். நிதானமாகப் போனால்தான் தூரம் போக முடியும்.

ரீஃபிட் என்றால் பெயின்ட் அடிப்பதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சோபா, விளக்கு, பளபள தரை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் பகுதி. உயிர் இருப்பது அதற்குக் கீழே. பலகைகளைப் பிடித்திருக்கும் ஆணிகள் துருப்பிடித்திருக்கலாம். கப்பல் புழு மரத்தை உள்ளுக்குள்ளேயே துளைத்திருக்கலாம். உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் மரக்கப்பலுக்குப் பெரிய எதிரி. மேல்தளத்து இடுக்கில் இறங்கித் தேங்கினால் பூஞ்சை பிடித்து மரம் உளுத்துவிடும். உப்பு அந்தப் பூஞ்சையை ஓரளவு தடுக்கும்.

இன்னொன்று எடை. வெய்னின் உயரம் 6 அடி 4 அங்குலம். அவர் குனியாமல் நடக்க உள் அறைகளின் கூரையை உயர்த்தினார்கள். பார்க்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் மேலே எடை கூடினால் கப்பல் சாய்ந்தபின் நிமிரும் திறன் குறையும். பெரிய மாற்றம் செய்த கப்பலில் தெரிந்த எடைகளைத் தளத்தின் குறுக்கே நகர்த்தி, எவ்வளவு சாய்கிறது என்று அளப்பார்கள். பழைய கப்பலை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது இந்தச் சோதனை அறிக்கையைத்தான். சோபாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கலிப்சோவுக்கு என்ன ஆச்சு?

வைல்ட் கூஸ் ஓடிக்கொண்டே இருந்தது. 1979-ல் வெய்ன் இறப்பதற்குச் சற்று முன் கைமாறியது. ஓடும் கப்பலில் ஒரு கசிவு என்றால் யாராவது உடனே பார்த்துவிடுவார்கள். வாடகை வருமானம் பழுதுச் செலவுக்கும் கைகொடுக்கும். 2011-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டிலும் இடம்பிடித்தது.

கலிப்சோவின் கதை வேறு. 1996 ஜனவரியில் சிங்கப்பூரில் சரக்குப் படகு ஒன்று மோதி மூழ்கியது. தூக்கி எடுத்து பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். கப்பல் யாருக்குச் சொந்தம், செலவு யாருடையது என்ற இழுபறியில் வருடங்கள் ஓடின. 2007-ல் பிரான்சின் கோன்கார்னோ துறைமுகத்துக்குப் போய்த் தொடங்கிய சீரமைப்பும் பாதியில் நின்றது. தண்ணீருக்கு வெளியே கிடக்கும் மரக்கப்பலில் பலகை காய்ந்து சுருங்கும், இணைப்புகள் விரியும். நிறுத்தி வைப்பதும் ஒரு சேதம்தான்.

2016-ல் கலிப்சோ துருக்கிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், சீரமைப்பு நடந்த தளத்திலேயே தீப்பிடித்து அதன் மரப் பகுதிகள் சேதமடைந்தன.