வழங்கிக் கொத்துகளை நிறுத்துதலும் தொடங்குதலும்: தமிழ்த் தரவகங்களை முன்வைத்து

திறவுச்சொற்கள்: வழங்கிக் கொத்து, மெய்நிகர் வழங்கி, பெரும்பான்மை விதி, தமிழ்த் தரவகம், மின்தடை

விழுப்புரம், திண்டிவனம் வட்டார நாளிதழ்களில் துணைமின் நிலையப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்புகள் அவ்வப்போது வெளிவருகின்றன. கெடார் போன்ற ஊர்ப்பெயர்கள் அவற்றில் வரிசையாக அமையும். இது முன்னரே அறிந்த நிறுத்தம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பொழிந்தது, விழுப்புரம் மாவட்டத்தின் பல பகுதிகள் மின்சாரமின்றித் தவித்தன. இது அறியா நிறுத்தம். சுவடிப் படிமங்களையும் சொல்லடைவுகளையும் ஒரு தமிழ்த்துறை தன் சொந்த வழங்கிகளில் வைத்திருக்குமாயின், இவ்விரு நிறுத்தங்களையும் அவை எவ்வாறு தாங்குகின்றன என்பது கணினியறைப் பொறுப்பாளருக்கு மட்டும் உரிய வினா அன்று. நாம் மேற்கோள் காட்டும் பாடம் எது என்பதையே அது தீர்மானிக்கக்கூடும்.

நிறுத்தும் வரிசை

ஒரே பணியைப் பகிர்ந்து செய்யும் பல வழங்கிகளின் தொகுதி கொத்து எனப்படும். அறையில் நிற்கும் பருநிலை வழங்கி ஒன்றினுள் மென்பொருளால் உருவான மெய்நிகர் வழங்கிகள் பல இயங்கலாம். நிறுத்தும்போது பயனர் காணும் இணையதளம் முதலில் நிற்க வேண்டும்; பின்னர்த் தரவுத்தளம், எஞ்சிய மெய்நிகர் வழங்கிகள், அவற்றைத் தாங்கும் பருநிலை வழங்கிகள், சேமிப்பகம், இறுதியாக வலையமைப்புக் கருவிகள். சார்ந்திருப்பது முன்னும் சார்பைத் தாங்குவது பின்னுமாக நிற்பதே விதி. யூ.பி.எஸ். மின்கலன் 15 நிமிடம் தாங்குமெனில், 15ஆவது நிமிடத்தில் அன்று, இவ்வரிசை முழுவதும் முடிவதற்குரிய நேரத்தைக் கழித்துக்கொண்டே நிறுத்தத்தைத் தொடங்க வேண்டும்.

இங்கே ஓர் இடர் உண்டு. கொத்தின் மேலாண்மை மென்பொருள், நின்றுபோன வழங்கியைப் பழுதுற்றதாகக் கருதி அதன் பணியை வேறொரு வழங்கியில் தானே தொடங்கிவிடும் இயல்புடையது. நாம் ஒருபுறம் அணைக்க, அது மறுபுறம் எழுப்பும். ஆகவே, ‘இது திட்டமிட்ட நிறுத்தம்’ என்று கொத்துக்கு முதலில் உணர்த்த வேண்டும். செஃப் எனும் சேமிப்பு மென்பொருளில் ‘நோ அவுட்’ என்ற குறியை முன்கூட்டியே இடுவது இதற்காகவே.

தொடங்குதலின் சிக்கல்

தொடங்குதல் இவ்வரிசையின் தலைகீழ் என்று பொதுவாகக் கூறுவர். அக்கூற்று பாதி உண்மையே. பெயர் வழங்கியும் நேர வழங்கியும் அதே கொத்தினுள் மெய்நிகர் வழங்கிகளாக இருப்பின், சேமிப்பகத்தைப் பெயரால் தேடும் பருநிலை வழங்கி அதைக் கண்டறிய இயலாது. சேமிப்பகம் கிடைக்காமல் பெயர் வழங்கியும் எழாது. கோழி முதலா, முட்டை முதலா எனும் நிலை இது. இவ்விரண்டையும் கொத்துக்கு வெளியே, சிறு கணினி ஒன்றிலேனும் வைப்பது நன்று.

இதனினும் ஆழமானது, எந்தப் படி இறுதியானது என்னும் சிக்கல். மூன்று வழங்கிகளில் ஒரே தரவுத்தளத்தின் மூன்று படிகள் உள்ளன என்க. அவை ஒன்றன்பின் ஒன்றாக நின்றால், கடைசியில் நின்றதே புதிய திருத்தங்கள் யாவற்றையும் அறியும். அதனையே முதலில் தொடங்க வேண்டும். கலேரா எனும் தரவுத்தளக் கொத்து இதற்கென ஒரு கோப்பில் வரிசை எண்ணைக் குறித்துவைக்கிறது. அதனைப் பாராமல் முந்தி நின்ற வழங்கியைத் தலைமையாக்கினால், பழைய படியே மூலமாகிவிடும். இடைப்பட்ட திருத்தங்கள் மறையும். சுவடிகளை ஒப்புநோக்கி மூலபாடம் காண்போர்க்கு இச்சிக்கல் புதிதன்று. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: சுவடியில் பிறழ்ந்த பாடம் பாடவேறுபாடாக எஞ்சும், இங்கோ தடயமின்றி அழியும்.

தொடர்பு அறுந்து கொத்து இரண்டாகப் பிரிந்து, இரு பகுதிகளும் தம்மையே தலைமையாகக் கருதுவதும் நேரலாம். இதைத் தடுப்பது பெரும்பான்மை விதி. மூன்றில் இரண்டு கூடினால்தான் எழுத அனுமதி. நான்கு வழங்கிகளுக்கு மூன்று தேவைப்படுவதால், நான்காவதை வாங்கினாலும் ஒன்றின் இழப்பையே தாங்க முடியும். நிதி ஒதுக்குவோர் இக்கணக்கை அறிந்திருப்பது பயன்தரும்.

படிக்க மட்டும்

பெரிய நிறுவனங்கள் நிறுத்தத்துக்கும் முழு இயக்கத்துக்கும் இடையே ஓர் இடைநிலையைப் பேணுகின்றன. விக்கிமீடியா நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை வர்ஜீனியா, டெக்சாஸ் தரவு மையங்களுக்கிடையே தன் பணிகளை மாற்றிப் பார்க்கிறது. அச்சில நிமிடங்களில் தமிழ் விக்கிப்பீடியாவைப் படிக்கலாம், தொகுக்க இயலாது. 2024 அக்டோபரில் தாக்குதலுக்குள்ளான இன்டர்நெட் ஆர்க்கைவ், தன் வேபேக் மெஷினை முதலில் படிப்பதற்கு மட்டுமே திறந்தது. படிகள் ஒன்றோடொன்று ஒத்துள்ளன என உறுதிப்படும்வரை எழுத்தைத் தடுப்பதே இதன் நோக்கம். மூன்று வழங்கிகள் கொண்ட துறைத் தரவகத்துக்கும் இம்முறை பொருந்தும். கூடுதல் செலவும் இல்லை.

இவ்வரிசைகளைக் குறித்த ஆவணத்தை அதே கொத்தினுள் சேமிப்பது பரவலான வழக்கம். கொத்து அணைந்திருக்கும்போது அதைத் திறக்க வழியில்லை. அச்சிட்ட தாள் ஒன்று வழங்கி அறையின் கதவில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கடைசியில் நின்ற வழங்கியின் பெயரை எழுத அதில் ஒரு வெற்றிடமும் வேண்டும்.