காலடியில் ஓடும் குழாய்கள்

அமீர்பேட்டில் தங்கிப் படிக்கும் நம் தோழர்களைக் கேட்கிறேன்: நாள்தோறும் நாம் நடக்கும் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று அறிவீர்களா? சென்ற ஆண்டு வரை நானும் அறியேன். ஒரு நாள் காலை விடுதிக் குழாயில் நாற்றமடிக்கும் தண்ணீர் வந்தது. அறைத் தோழர் இருவர் வயிற்றுப்போக்கால் படுத்துவிட்டனர். மறுநாள் குழாய் தேடும் ஆட்கள் கருவிகளோடு வந்தார்கள். பௌதிக மாணவன் என்று சொல்லிக்கொண்டு நானும் அவர்கள் பின்னால் சுற்றினேன்.

இரும்புக் குழாயைத் தேடுவது எளிது. அதில் மாறு மின்னோட்டத்தைச் செலுத்தினால் குழாயைச் சுற்றிக் காந்தப் புலம் எழும். கையில் ஏந்திய கருவி அதை உணர்ந்து ஒலிக்கும். ஒலி மிகுந்த இடத்துக்கு நேர் கீழே குழாய். ஆழத்தையும் தோண்டாமலே சொல்லலாம். தொலைவு இரு மடங்கானால் புலம் பாதியாகும் அல்லவா? தரையில் ஓர் அளவு, அரை மீட்டர் மேலே ஓர் அளவு எடுக்கிறார்கள். மேலே உள்ளது சரிபாதியாக இருந்தால், குழாய் அரை மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பள்ளிக் கணக்குத்தான்!

பிளாஸ்டிக் குழாயும் சுட்ட மண் குழாயும் மின்சாரத்துக்கு வசப்படா. அங்கே ரேடார் வேண்டும். தரைக்குள் அனுப்பிய அலை திரும்பி வரும் நேரத்தை அளக்கிறார்கள். மண்ணில் அலை ஒரு நானோ விநாடிக்கு 10 செ.மீ. செல்கிறது என்று கொண்டால், 20 நானோ விநாடியில் திரும்பிய அலை 1 மீட்டர் ஆழம் சென்று வந்தது. ஈரக் களிமண்ணோ அலையை விழுங்கிவிடும். ஐதராபாத்தின் கருங்கல் உருண்டைகளும் சில வேளை குழாய் வேடம் போட்டு ஏமாற்றும்.

கழிவுநீர்க் குழாய் சரிவில் ஓடுவது. ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்ததற்குப் பெரும்பாலும் நேராகவே போடப்படுவது. மூடியைத் திறந்து மேலிருந்தே அளவுகோலை இறக்கி ஆழம் பார்க்கலாம். நச்சுவாயு நிறைந்த அக்குழிக்குள் அளவெடுக்க மனிதன் இறங்க வேண்டியதே இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு? தண்ணீர் விடாத நேரத்தில் குடிநீர்க் குழாய் காலியாகிறது. அதில் விரிசல் இருந்தால் சுற்றியுள்ள அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். இந்நகரின் போலக்பூரில் 2009 மே மாதத்தில் குடிநீரில் கழிவு கலந்து பலர் மாண்டனர். 1908-ஆம் ஆண்டு மூசி வெள்ளத்துக்குப் பின் விசுவேசுவரய்யா இங்கே பாதாளச் சாக்கடைக்குத் திட்டம் வகுத்துத் தந்தார். பின்னர் நகரம் தன் போக்கில் பெருத்தது. பழைய குழாய்கள் பல இன்று காகிதத்தில் இல்லை. வயதான லைன்மேன்களின் நினைவில்தான் உள்ளன. அவர்கள் ஓய்வு பெற்றால் வரைபடமும் வீட்டுக்குப் போய்விடும்! தோண்டுமுன் குழாய், கேபிள் உரியவர்களுக்கு அறிவிக்க 2023-இல் மத்திய அரசு ஒரு செயலி கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடே, ஆயினும் உரியவரிடமே வரைபடம் இல்லாவிட்டால் அவர் என்ன சொல்வார்?

அன்று எங்கள் தெருவில் முதியவர் ஒருவர் காலால் ஓரிடத்தைத் தட்டிக் காட்டினார். கருவி ஒரு முழம் தள்ளி ஒலித்தது. தோண்டினார்கள். யாரோ கேபிளுக்காகக் கடப்பாரை போட்ட இடத்தில் குடிநீர்க் குழாய் பிளந்திருந்தது. அதை ஒட்டியே சாக்கடைக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. மாலையில் இரண்டையும் ஆழத்தோடு தாளில் குறித்தார்கள். முதியவர் அதை வாங்கி, எதிர்ச் சந்தில் இன்னொரு பழைய குழாய் இருக்கிறது என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினார்.