மளிகை லிஸ்டில் சிக்கிய மனசு

வெந்நீரில் ஒரு ஸ்பூன் தூள் போட்டுக் கலக்கினால் காபி தயார். 1938-ல் சுவிட்சர்லாந்தில் அறிமுகமான நெஸ்கஃபே அமெரிக்காவுக்கும் போனது. நேரம் மிச்சம், வேலை மிச்சம். ஆனாலும் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில்கூட அங்கே பல இல்லத்தரசிகள் அதைத் தொடவில்லை. 'ஏன் பிடிக்கவில்லை?' என்று நேரடியாகக் கேட்டால், பெரும்பாலானோர் 'ருசி சரியில்லை' என்றார்கள்.

இந்தப் பதிலை நம்பியிருந்தால் விளம்பரக்காரர்கள் ருசியைப் பற்றியே எழுதித் தள்ளியிருப்பார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக உளவியலாளர் மேசன் ஹேர் நம்பவில்லை. அவர் செய்த சோதனை 1950-ல் வெளியானது. அதற்குத் தேவைப்பட்டவை இரண்டு மளிகை லிஸ்டுகள் மட்டுமே.

ஒன்றரை பவுண்டு கொத்துக்கறி, ரொட்டி, ஒரு கட்டு கேரட், ஒரு டப்பா பேக்கிங் பவுடர், டப்பாவில் அடைத்த பீச் பழம், ஐந்து பவுண்டு உருளைக்கிழங்கு. இவை இரண்டு லிஸ்டிலும் அச்சு அசலாக ஒன்றுதான். ஐந்தாவது வரியில் மட்டும் வித்தியாசம். ஒன்றில் நெஸ்கஃபே, மற்றதில் மேக்ஸ்வெல் ஹவுஸ் காபித்தூள், அதாவது வடிகட்டிப் போடுகிற வழக்கமான காபி. நூறு பெண்களில் பாதிப் பேருக்கு ஒரு லிஸ்ட், மீதிப் பேருக்கு மற்றது. இன்னொரு லிஸ்ட் இருப்பதே யாருக்கும் தெரியாது. காபியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. 'இந்தச் சாமான்களை வாங்கிய பெண் எப்படிப்பட்டவள்? சொல்லுங்கள்' என்றுதான் கேட்டார்கள்.

நெஸ்கஃபே லிஸ்டைப் பார்த்தவர்களில் 48 சதவீதத்தினர் அவளைச் சோம்பேறி என்றார்கள். மேக்ஸ்வெல் ஹவுஸ் வாங்கியவளுக்கு அந்தப் பட்டம் கொடுத்தவர்கள் 4 சதவீதம்தான். நெஸ்கஃபேகாரி நல்ல மனைவி இல்லை என்று 16 சதவீதத்தினர் சொன்னார்கள். மற்றவளை ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. காபி போட மெனக்கெடாதவள் குடும்பத்தையும் கவனிக்கமாட்டாள் என்ற தீர்ப்பு, ஒரே ஒரு வரியிலிருந்து வந்துவிட்டது!

ஹேர் அத்தோடு நிற்கவில்லை. வேறு சில பெண்களிடம் நெஸ்கஃபே லிஸ்டைக் காட்டிக் கருத்துக் கேட்டு, அவர்கள் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வைத்தார். நெஸ்கஃபே வாங்கியவளைக் குறை சொன்ன வீடுகளைவிட, நல்லவிதமாகப் பேசிய வீடுகளில்தான் இன்ஸ்டன்ட் காபி அதிகம் இருந்தது. முகம் தெரியாத ஒருத்தியைப் பற்றிச் சொன்ன கருத்துக்கும் கடையில் காசு கொடுத்து வாங்குவதற்கும் தொடர்பு இருந்தது. என் பார்வையில், சோதனையின் உயிரே இந்த அலமாரிதான். அது இல்லாவிட்டால் சதவீதங்கள் வெறும் வம்புப் பேச்சாகவே நின்றிருக்கும்.

'எனக்கு ஏன் பிடிக்கவில்லை' என்று சொல்லும்போது, கேட்பவர் நம்மை என்ன நினைப்பார் என்ற கவனமும் கூடவே வருகிறது. 'சோம்பேறி என்று பேர் வாங்கப் பயமாக இருக்கிறது' என்று யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? ருசி என்றால் கௌரவமான காரணம். அடுத்தவரைப் பற்றிப் பேசும்போது அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. விளம்பர உலகில் 'இன்சைட்' என்று தேடுகிற பொருள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கிடக்கிறது. தூளின் ருசியை எவ்வளவு புகழ்ந்தாலும் குற்ற உணர்ச்சி போகாது. மிச்சமாகும் நேரத்தில் அவள் குடும்பத்துக்கு என்ன செய்கிறாள் என்று காட்டினால் போகலாம்.

ஆனால் கண்டுபிடித்தது என்றைக்கும் செல்லும் என்று இருந்துவிடக் கூடாது. வெப்ஸ்டர், ஃபான் பெக்மன் என்ற இருவர் இதே லிஸ்ட் சோதனையைத் திரும்பச் செய்து 1970-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பெண்களுக்கும் இடையே இருந்த அந்தப் பெரிய வித்தியாசம் மறைந்திருந்தது. இருபது ஆண்டுகளில் இன்ஸ்டன்ட் காபி சாதாரணப் பொருளாகிவிட்டது.

விளம்பரத் துறைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'இதை ஏன் வாங்கவில்லை?' என்று கேட்டுப் படிவம் நிரப்புவதற்கு முன்னால், 'இதை வாங்குகிறவர் எப்படிப்பட்டவர்?' என்று பத்துப் பேரையாவது பேசவிட்டுக் கேளுங்கள். முடிந்தால் அவர்கள் வீட்டு அலமாரியையும் பாருங்கள்.