பாலம் இல்லாத தீவு

சென்னையில் வாழும் நம் குடும்பங்களுள் குவிபிள் தீவு என்னும் பெயரை அறியாதார் மிகச் சிலரே. அடையாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே, பட்டினப்பாக்கத்தை அடுத்துள்ள கல்லறைத் தோட்டத்தை நாம் அப்பெயராலேயே அழைக்கிறோம். நவம்பர் 2-ஆம் நாள் மெழுகுதிரியும் மலர்மாலையும் ஏந்தி அங்குச் செல்கிறோம். சென்ற முறை அவ்வாறு சென்றபோது, ஆதம்பாக்கத்திலிருந்து எம்முடன் வந்த சிறுவன் ஒருவன், "தாத்தா, சாலையில்தானே வந்தோம்? பிறகு ஏன் இது தீவு?" என்று வினவினான்.

அவ்வினாவிற்கு விடை கூற எம்முடைய நாவு எழவில்லை. ஆறும் உப்பங்கழியும் சூழ்ந்திருந்த நிலம் அது. காலப்போக்கில் கழியில் கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டன, கழிவுநீர் கலந்தது, கரையெங்கும் வீடுகள் எழுந்தன. தீவு போயிற்று, பெயர் மட்டும் எஞ்சியது. "தீவு எப்படி இருக்கும் என்று உனக்கு ஒருநாள் காட்டுகிறோம்" என்று அச்சிறுவனுக்கு வாக்களித்தோம்.

வாக்கை நிறைவேற்றப் பொங்கல் விடுமுறை வாய்த்தது. ஆதம்பாக்கத்துக் குடும்பங்கள் ஐந்து ஒன்றுசேர்ந்து கோழிக்கோட்டிற்கு இரயில் ஏறினோம். அங்கிருந்து தாமரசேரி மலைப்பாதையின் 9 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வயநாட்டை அடைந்தோம். நாம் காணச் சென்றது குருவா தீவு.

ஆற்றின் நடுவே ஒரு காடு

மானந்தவாடி ஆறும் பனமரம் ஆறும் கூடிக் கபினி என்னும் பெயர் பெறுகின்றன. அந்தக் கபினி பல கிளைகளாய்ப் பிரிந்து மீண்டும் ஒன்றுசேரும் பகுதியில், சுமார் 950 ஏக்கர் பரப்பில் குருவா தீவுக்கூட்டம் அமைந்துள்ளது. மானந்தவாடியிலிருந்து ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவு. அங்கு ஊர் இல்லை, விடுதி இல்லை, குடியிருப்போர் எவரும் இலர். தீவிற்குப் பாலமும் கிடையாது. பால்வெளிச்சம், பாக்கம் ஆகிய இரு துறைகளிலிருந்து ஆற்றைக் கடந்துதான் உள்ளே செல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் கபினி பெருகும்போது துறைகள் மூடப்படும். அப்போது தீவு முற்றிலும் தனக்கே உரியதாகிவிடும்.

கேரளத்தின் 44 ஆறுகளுள் கிழக்கு நோக்கிப் பாய்பவை கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றே. கபினி கருநாடகத்திற்குள் நுழைந்து, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. ஆடி மாதத்தில் "கபினி அணை நிரம்பியது, மேட்டூருக்கு நீர்வரத்து உயர்ந்தது" என்று நாளேடுகளில் படிக்கிறோம் அன்றோ? அந்த நீரில் குருவாவின் வேர்களைத் தழுவி வந்த நீரும் உண்டு. தஞ்சைத் தரணியின் நெல்லுக்கும் அத்தீவுக்கும் உறவு இருக்கிறது என்பதை எம் பிள்ளைகள் அன்றுதான் அறிந்தனர்.

முதல்நாள் ஏமாற்றம்

உள்ளதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். முதல்நாள் நாம் தீவில் கால் வைக்கவில்லை. காலை உணவை நிதானமாக முடித்து, வழியில் தேநீர் அருந்தி, நண்பகலில் துறையை அடைந்தோம். அன்றைய அனுமதிச் சீட்டுகள் தீர்ந்துவிட்டன என்றார் அங்கிருந்த ஊழியர். பிள்ளைகளின் முகம் வாடிற்று. எம்முள் ஒருவர், "எழுநூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்திருக்கிறோம், பதினெட்டுப் பேர்தாமே?" என்று மன்றாடிப் பார்த்தார், குரலையும் சற்றே உயர்த்தினார். ஊழியர் சினம் கொள்ளவில்லை. "ஒவ்வொருவரும் தொலைவிலிருந்துதான் வருகிறார்கள், ஐயா. நாளை அதிகாலையில் வாருங்கள்" என்று மட்டுமே கூறினார்.

மறுநாள் பனி விலகுமுன் முதல் ஆளாய்ச் சென்று நின்றோம்.

மூங்கில்களைப் பிணைத்துச் செய்த தெப்பத்தில் எம்மை ஏற்றினர். மலையாளத்தில் அதனைச் 'சங்ஙாடம்' என்பர். இரு கரைக்கும் இடையே கட்டிய கயிற்றைப் பற்றி இழுக்க, தெப்பம் ஓசையின்றி நகர்ந்தது. இயந்திரத்தின் இரைச்சல் இல்லை; எண்ணெய் நாற்றம் இல்லை. எப்போதும் சளசளக்கும் எம் பிள்ளைகளும் வாய் மூடி நீரையே நோக்கினர்.

அக்கரையில் பசுமை மாறாக் காடு எம்மை வரவேற்றது. வானளாவிய மரங்கள், அவற்றின் கிளைகளில் தொற்றி வாழும் ஆர்க்கிட் செடிகள், ஆளுயரத்தைப் பன்மடங்கு விஞ்சிய மூங்கிற் புதர்கள். பார்த்துக் களிக்க ஊஞ்சலோ சறுக்குமரமோ நீரூற்றோ அங்கில்லை. எனினும் வழியில் கிடந்த யானைச் சாணத்தை வழிகாட்டி சுட்டிக்காட்டியபோது பிள்ளைகள் அடைந்த வியப்பை எந்தப் பொருட்காட்சியிலும் நாம் கண்டதில்லை. காட்டு யானைகள் ஆற்றை நீந்திக் கடந்து தீவிற்கு வருவதுண்டாம். தெப்பம் நமக்குத்தான் வேண்டும், அவற்றிற்கு வேண்டுவதில்லை.

ஓர் உயிரின் விலை

திரும்பும் வேளையில் ஒரு பாறைமேல் அமர்ந்திருந்தோம். "எண்ணிக்கையை இவ்வளவு குறைத்தது ஏன்?" என்று வழிகாட்டியிடம் கேட்டோம். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு கூறினார்.

2024 பிப்ரவரி 16-ஆம் நாள், பாக்கம் பகுதியில் பணியிலிருந்த அவருடைய தோழர் ஒருவரை யானை தாக்கியது. தாக்குண்டவர் சிகிச்சை பலனின்றி அன்றே உயிர் நீத்தார். அதற்கு ஆறு நாள்களுக்கு முன்னர்தான் மானந்தவாடி அருகே வேறொருவரும் யானைக்கு இரையாகியிருந்தார். மக்கள் கொதித்தெழுந்தனர். உயர் நீதிமன்றம் தலையிட்டது. மாதக்கணக்கில் தீவு மூடப்பட்டது. 2024 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டபோது, முன்னர் நாளொன்றுக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்டோருக்கு இருந்த அனுமதி, இரு துறைகளுக்கும் சேர்த்து 400 பேர் என்று குறைக்கப்பட்டது.

"தீவு மூடிக் கிடந்த மாதங்களில் எங்கள் அடுப்பும் சரியாக எரியவில்லை. திறந்தது நல்லதுதான். ஆனால் இக்காட்டிற்குள் ஆயிரம் பேர் வந்தால் காடும் தாங்காது, நாங்களும் தாங்க மாட்டோம்" என்றார் அவர்.

முதல்நாள் துறையில் குரல் உயர்த்திய எம் நண்பர் தலை கவிழ்ந்தார். நாம் இரண்டு மணி நேரம் களித்துவிட்டுச் செல்லும் இடம், அங்குள்ளவர்களுக்குப் பிழைப்பும் ஆபத்தும் ஒருங்கே தரும் இடம். யானையைக் குறை கூறுவது எளிது. காட்டோரத்து உழவரைக் குறை கூறுவது அதனினும் எளிது. இருவருக்கும் இடையே நெருக்கடியை மிகுதியாக்கும் கூட்டத்தில் நாமும் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்வதுதான் கடினம்.

நம் ஊருக்கு ஒரு பாடம்

குருவா தன்னைத்தானே காத்துக்கொள்ளவில்லை. பாலம் கட்டாமல் விட்டதும், விடுதி எழுப்பாமல் விட்டதும், 'இன்று இவ்வளவு பேர் போதும்' என்று மறுத்ததும் மனிதர்கள் செய்த செயல்களே. வெற்று நிலத்தைக் கண்டால் 'வீணாய்க் கிடக்கிறதே' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது விளங்கச் சற்றுக் காலமாகும்.

சென்னையிலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. குவிபிள் தீவை ஒட்டிய அதே அடையாற்றுக் கழியின் ஒரு பகுதியில், குப்பையும் இடிபாடும் அகற்றப்பட்டு, அலையாத்தி மரங்கள் நடப்பட்டன. 58 ஏக்கரில் அமைந்த அப்பூங்கா, தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயருடன் 2011 சனவரியில் திறக்கப்பட்டது. நீர்ப் பறவைகள் அங்கு மீண்டும் வந்தன. அழித்ததை ஓரளவேனும் மீட்க இயலும் என்பதற்கு அது சான்று. ஆயினும் காப்பதற்கு ஆகும் செலவைவிட மீட்பதற்கு ஆகும் செலவு பன்மடங்கு என்பதற்கும் அதுவே சான்று.

நம் ஆதம்பாக்கம் ஏரியை எண்ணிப் பாருங்கள். ஆக்கிரமிப்பால் சுருங்கி, கழிவுநீரால் கறுத்த அந்த ஏரியின் கரையில் நாம் நாள்தோறும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வீடுகளுக்குள் புகுந்தபோது, தன் இடத்தை இழந்த நீர் எங்கே செல்லும் என்பதைக் கண்கூடாகக் கண்டோம். அதன் பின்னரும் ஏரிக்கரையில் குப்பைப் பையை வீசுவோர் நம்முள் இல்லையா? வீசுவதைக் கண்டும் காணாததுபோல் செல்வோர் நாமல்லவா?

இரயிலில் திரும்பும்போது அச்சிறுவன் மீண்டும் ஒரு வினாத் தொடுத்தான்: "தாத்தா, நம் ஏரியை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

இம்முறை விடை கூறாமல் இருக்க எமக்கு மனம் ஒப்பவில்லை. "இனிமேல் நாம் பார்த்துக்கொள்வோம்" என்றோம். ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு மாலை, ஐந்து குடும்பங்களும் கையுறையும் சாக்குப்பையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குச் சென்றோம். அன்று நிரம்பியவை பதினோரு சாக்குகள். கரையில் பத்தடி நிலம்கூடத் தூய்மையாகவில்லை என்பது உண்மையே. ஆனால் வரும் ஞாயிறும் செல்கிறோம். விருப்பமுள்ள குடும்பங்கள் உடன் வரலாம். சாக்குப்பை எம்மிடம் இருக்கிறது.