நான்கு குரல், ஒரு பாட்டு

முடிவெட்டும் கடையில் என்ன நடக்கும்? முடி வெட்டுவார்கள். சவரம் செய்வார்கள். ஊர்க்கதை பேசுவார்கள். பாட்டுப் பாடுவார்களா? அமெரிக்காவில் பாடினார்கள்.

இது 1800-களின் இறுதியில் நடந்தது. அங்கே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில், முடிவெட்டும் கடையில் ஆண்கள் கூடுவார்கள். தங்கள் முறை வரும்வரை சேர்ந்து பாடுவார்கள். இசைக்கருவி கிடையாது. குரல் மட்டும்தான். கடையின் பெயரே பாட்டுக்கும் வந்தது. 'பார்பர்ஷாப் பாட்டு' என்றார்கள்.

எப்படிப் பாடுவார்கள்?

இந்தப் பாட்டுக்கு நான்கு வகைக் குரல் வேண்டும். ஒருவர் மெட்டைப் பாடுவார். இன்னொருவர் அதற்கு மேலே பாடுவார். கனத்த குரல் உள்ளவர் கீழே பாடுவார். நான்காமவர் இடையில் உள்ள குறையை நிரப்புவார். நான்கும் நன்றாகச் சேர்ந்தால், ஐந்தாவது குரல் ஒன்று ஒலிப்பது போலக் கேட்கும்.

குழு பிறந்த கதை

வானொலி வந்தது. இசைத்தட்டு வந்தது. சேர்ந்து பாடும் பழக்கம் குறைந்தது.

துல்சா என்ற ஊரில் ஓ. சி. கேஷ் என்பவர் இருந்தார். அவர் வரி வழக்கறிஞர். அதே ஊர்க்காரர் ரூபர்ட் ஹால். இருவரும் 1938-இல் வெளியூர் ஓட்டல் ஒன்றில் சந்தித்தார்கள். பழைய பாட்டுகள் நினைவுக்கு வந்தன. ஊர் திரும்பியதும் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஏப்ரல் 11 அன்று 26 பேர் வந்து பாடினார்கள். சில வாரங்களில் 150 பேர் கூடினார்கள். தெருவில் வண்டிகள் நின்றுவிட்டன. செய்தி பத்திரிகையில் வந்தது. பல ஊர்களில் இப்படிக் குழுக்கள் தோன்றின.

யாருக்கு இடம் இல்லை?

1941-இல் நியூயார்க் போட்டியில் நான்கு கறுப்பினத்தவர் வென்றார்கள். அவர்கள் ரயில் நிலையத்தில் சுமை தூக்கும் தொழிலாளர்கள். ஆனால் சங்கத்தின் தேசியப் போட்டியில் அவர்களைச் சேர்க்கவில்லை. யாருடைய கடைகளில் இந்தப் பாட்டு வளர்ந்ததோ, அவர்களுக்கே இடம் இல்லை! இதைக் கண்டித்து, நியூயார்க்கின் முன்னாள் ஆளுநர் ஆல் ஸ்மித் சங்கத்தைவிட்டு விலகினார். 1963-இல்தான் அந்தத் தடை நீங்கியது.

பெண்களுக்கும் இடம் இல்லை. 1945-இல் துல்சாவில் எட்னா மே ஆண்டர்சன் என்பவர் பெண்களைக் கூட்டினார். 'ஸ்வீட் அடிலைன்ஸ்' என்ற சங்கம் பிறந்தது. ஆனால் அந்தச் சங்கமும் பிறகு கறுப்பினப் பெண்களுக்குக் கதவை மூடியது. அதை ஏற்காத பெண்கள் 1959-இல் தனிச் சங்கம் தொடங்கினார்கள். ஸ்வீட் அடிலைன்ஸ் 1966-இல் தடையை நீக்கியது. ஆண்கள் சங்கம் 2018-இல் பெண்களையும் உறுப்பினராகச் சேர்த்தது.

நான்கு குரலில் ஒன்று குறைந்தாலும் பாட்டு நிறைவதில்லை. இது பாடுகிறவர்களுக்கு முதல் நாளே தெரியும். ஆனால் கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறக்க அந்த முதல் சங்கத்துக்கு 25 ஆண்டுகள் ஆயின.

சிந்திப்போம்: உங்கள் ஊரில் என்னென்ன சங்கங்கள் இருக்கின்றன? அவற்றில் யாருக்கு இடம் இருக்கிறது? யாருக்கு இல்லை?